வடவாசலில் இரண்டு புகுநர்கள்

சுபாஷிணி தன் கணவனிடம் கடைசியாகச் சொன்னது தண்ணீர் மோட்டாரைப் பற்றி.

“ஏனுங்க, மோட்டார ஆஃப் பண்ணிருங்க. டேங்க் ரொம்பிருச்சாட்டங்குது.”

சொல்லும்போது கண் திரையில் இருந்தது, காதில் ஹெட்செட். திரையில் ஏதோ ஒரு கோட்டையை யாரோ முற்றுகையிட்டிருந்தார்கள். தயானந்தன் போய் ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்து, “சாப்பாடு எடுத்து வெக்கட்டுமா?” என்று கேட்டான். அவள் திரும்பாமல் உள்ளங்கையைக் காட்டினாள். பொறுங்கள் என்று அர்த்தம். அவள் விளையாட ஆரம்பித்த பதினொரு வருஷமாக அந்தக் கையைப் பார்த்துப் பழகியவன் அவன். பொறுத்தான், பிறகு தனியாகச் சாப்பிட்டான், படுத்துத் தூங்கிப்போனான். காலையில் அவன் நடைப்பயிற்சிக்குப் போயிருந்த நேரத்தில் அவள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். மாநகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் உதவிப் பொறியாளர். உச்சிவேளைக்குள் பம்ப் ஹவுஸிலிருந்து போன் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றார்கள்.

துக்கம் விசாரிக்க வந்த கூட்டமெல்லாம் கலைந்த பிறகு தயானந்தன் அவள் பெயரில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக முடித்தான். காஸ் இணைப்பு, வங்கி, செல்போன். கடைசியாக அந்த விளையாட்டு மிச்சம் இருந்தது. முந்நீர் என்று பெயர். உலகம் முழுக்கத் தமிழர்கள் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு உள்ளே புகுந்து சண்டை போடும் இணைய விளையாட்டு. கணக்கை மூடச் சொல்லி வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தான். எடுத்த பெண் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு உற்சாகமாகச் சொன்னாள்:

“மேடம் கேரக்டர் சூப்பரா இருக்குங்க சார். நேத்துச் சாயங்காலம்கூட பாலத்துச் சண்டையில அவங்கதான் ஜெயிச்சுக் குடுத்தாங்க.”

“அம்மிணி, அவ காரியம் முடிஞ்சு ஒரு மாசமாச்சு.”

அந்தப் பக்கம் குரல் தணிந்து வந்தது. “சாரி சார். நான் சொன்னது மேடமோட தொடர்ச்சியை.”

“அதென்ன தொடர்ச்சி?”

“ஆடுறவங்க வேலைக்குப் போவாங்க, தூங்குவாங்க இல்லீங்களா? அந்த நேரத்துல அவங்க கேரக்டர் சும்மா நின்னா கூட்டாளிங்க தோத்துப்போவாங்க. அதனால அவங்க உள்ள ஆடினது, பேசினது எல்லாத்தையும் மெஷின் படிச்சு வெச்சுக்கும். அவங்க இல்லாதப்ப அவங்க மாதிரியே ஆடும். அதே குரல்ல பேசும். லீவுக்கு மாத்து ஆள் வர்ற மாதிரி.”

“லீவு முடிஞ்சு இவ வரமாட்டாளே.”

“நீங்கதான் வாரிசு சார். நிறுத்தணும்னா இப்பவே நிறுத்திரலாம். சொல்லுங்க.”

நிறுத்து என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குப் பதிலாக வேறொன்று வெளியே வந்தது. “அது எங்கிட்டப் பேசுமா?”

“மேடம் இருக்கற கில்டுல நீங்க மெம்பரா சார்?”

“நான் புருசன்.”

“அது இங்க கணக்குல வராதுங்க சார். கில்டுன்னா உள்ள ஒண்ணாச் சேர்ந்து ஆடுற படை. அவங்கவங்க விதிதான் அங்கே சட்டம். மெம்பர் இல்லாதவங்க கிட்டக்கூடப் போக முடியாது. நீங்க அப்ளை பண்ணலாம்.”

“எம்பட பொண்டாட்டிகிட்டப் பேச நான் மனுப் போடோணுமா?”

“ஆமாங் சார்” என்றாள் அந்தப் பெண், மிகுந்த மரியாதையோடு.

அன்று மாலை அவள் நாற்காலியில் உட்கார்ந்து அவள் ஹெட்செட்டை மாட்டினான். உறுப்பினராகாதவர்கள் தூரத்தில் நின்று வேடிக்கை மட்டும் பார்க்கலாம். கோட்டை மதில் மேல் அவள் நின்றாள். இரட்டை நாடி உடம்பு, முதுகில் வட்டக் கேடயம். அங்கே அவளுக்கு வெண்கலம் என்று பெயர். அவள் பக்கத்தில் தாடியும் ஈட்டியுமாக ஒருவன் நின்றான். அவன் ஏதோ சொன்னான். அவள் சிரித்தாள்.

அது தயானந்தனுக்குத் தெரிந்த சிரிப்பு இல்லை. வீட்டில் அவள் உதட்டோடு சிரித்து முடித்துவிடுவாள். இது வயிற்றிலிருந்து கிளம்பி, நடுவில் மூச்சு வாங்கி, மறுபடி கிளம்புகிற சிரிப்பு. “டேய் மாமலை, நீயெல்லாம் ஒரு ஆளாடா?” என்றாள். இருபத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் தயானந்தனை அவள் ஒருமுறைகூட டேய் என்று அழைத்ததில்லை. அவன் எதிர்பார்த்ததும் இல்லை. ஆனால் அந்த ‘டேய்’ காதில் விழுந்த நொடியில், அதை யாரோ தன் பையிலிருந்து எடுத்துவிட்டதுபோல் இருந்தது.

படைக்கு ஒன்பதாம் படை என்று பெயர். அதன் விதிகளை எழுதியவள் வெண்கலம் என்று முகப்பிலேயே போட்டிருந்தது. தயானந்தன் ஈரோடு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளன். சட்ட வாசகத்தை உரித்துப் பார்ப்பதுதான் அவனுக்குச் சோறு போட்டது. உட்கார்ந்து படித்தான். வளவளப்பில்லாத எழுத்து. காயம்பட்டவரை விட்டுவிட்டு யாரும் முன்னே போகக் கூடாது. தோற்றதற்கு ஒருவரைக் கைநீட்டிப் பழி சொல்லக் கூடாது. புதிதாக வருபவரை ஒரு பழைய உறுப்பினர் பரிந்துரைக்க வேண்டும். வந்தவர் புகுநராக வாசல் காவல் நின்று பழக வேண்டும். மூன்று எச்சரிக்கை வாங்கியவர் வெளியே போய்விட வேண்டும், திரும்பி வர வழியே இல்லை.

இதெல்லாம் சரி. மூன்றாவது விதியில்தான் அவன் நின்றுவிட்டான். ‘பெயர், ஊர், சாதி, சம்பளம், குடும்பம் ஆகிய எதுவும் கூடத்துக்குள் பேசப்படாது.’ கூடம் என்றால் படையின் கோட்டை உள்பகுதி. சாதி என்ற சொல் அங்கே ஏன் வந்தது என்று அவனுக்குத் தெரியும். மாற்றலாகிப் போன ஒவ்வொரு அலுவலகத்திலும் முதல் வாரமே அவளை யாராவது சுற்றிவளைத்துக் கேட்பார்கள். வீட்டுக்கு வந்து பையை எறிவாள். அதற்குப் பக்கத்திலேயே குடும்பத்தையும் எழுதியிருக்கிறாளே என்றுதான் இருந்தது. அவளைத் துரத்தியவற்றோடு சேர்த்து அவனையும் வெளியே நிறுத்தியிருந்தாள்.

நான்காவது விதி சின்னது. ‘யார் நேரில் இருக்கிறார், யார் தொடர்ச்சியில் இருக்கிறார் என்று எவரும் எவரையும் கேட்கக் கூடாது.’

நாணல் என்று பெயர் வைத்துக்கொண்டு மனுப் போட்டான். மறுநாள் நேர்காணலுக்குக் கூடத்துக்குள் அழைத்தார்கள். எதிரே அவள். புதியவர்களைச் சேர்ப்பது அவள் பொறுப்பாம்.

“வாங்க நாணல். சண்டை போட்டுப் பழக்கம் உண்டுங்களா?” என்றாள். அவள் குரல்தான். தொண்டையில் லேசாகக் கரகரக்கும் அதே இடம்கூட இருந்தது.

“வீட்டுல கொஞ்சம் பழக்கமுங்க.”

சிரித்தாள்! பெரிய சிரிப்பில்லை என்றாலும் பல் தெரிகிற சிரிப்பு. அவன் நகைச்சுவைக்கு அவள் சிரித்து எத்தனை காலமாயிற்று. நெஞ்சு பொங்கிவிட்டது. பொங்கிய வேகத்தில் வாய் தன் பழக்கத்துக்குப் போய்விட்டது.

“சாப்பிட்டியா சுபா?”

அவள் முகம் மூடிக்கொண்டது. “இது வெளி விஷயமுங்க. கூடத்துக்குள்ள பேசக் கூடாது. முதல் எச்சரிக்கை.”

“இல்லீங்க, தெரியாம...”

“நேர்காணல்லயே எச்சரிக்கை வாங்கின முதல் ஆள் நீங்கதான். உங்களுக்கு யாருங்க பரிந்துரை பண்ணுவாங்க?”

அப்போது அந்தத் தாடிக்காரன் வந்தான். யாழ்ப்பாணத்துப் பேச்சு. “பாவம், விடு வெண்கலம். நல்ல மனுசன் போலக் கிடக்கு. நான் பொறுப்பு.”

“நீ எவனுக்குத்தான்டா பொறுப்பேக்கல? பல்லி வந்து கேட்டாலும் சேத்துக்குவ.”

“பல்லி வாசலிலை நிண்டா பூச்சி வராது தானே?”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எதிரில் தயானந்தன், எவனைப் பிடித்து உலுக்க வந்தானோ அவன் தயவில் இடம் பிடித்து நின்றான்.

வடவாசலுக்குக் காவல் போட்டார்கள். புகுநர்கள் இரண்டிரண்டு பேராக நிற்க வேண்டும். அவனோடு ஜோடியாக நின்றவள் அலரி என்ற பெயரில் வந்தவள். விளையாட்டு அவளுக்கும் புதிது. ஓநாயைக் குத்தப்போய் அகழிக்குள் விழுவாள், ஏறி வந்து மறுபடி விழுவாள். தயானந்தன் கை கொடுத்தால் பிடிக்கமாட்டாள். பேசவும்மாட்டாள். தலையை மட்டும் அடிக்கடி தூக்கி மதிலைப் பார்ப்பாள். மதில் உயரம். படையில் சேர்ந்தவருக்கு நிற்கிற இடத்தில்தான் காது. மேலே பேசுவது கீழே கேட்காது, சிரிப்பு மட்டும் இறங்கி வரும். அது இறங்கும்போதெல்லாம் தயானந்தன் ஈட்டியைப் பிடித்த பிடியை மாற்றுவான். பக்கத்தில் அவளும் மாற்றுவாள். அதை அவன் கவனிக்க நாளாயிற்று.

நீதிமன்றத்தில் ஒரு வாடகை வழக்கின் ஆவணத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது அவனுக்கு அது உறைத்தது. விதியில் ‘கூடத்துக்குள்’ என்றுதான் இருக்கிறது. வாசல் கூடத்துக்கு வெளியே. அங்கே எதைப் பேசினாலும் விதிமீறல் ஆகாது. மாலையில் வீட்டுக்கு ஓட்டமாகப் போனான். வெண்கலம் காவலைப் பார்வையிட வந்ததும் கிட்டே போய் நின்றான்.

“நான் தயா” என்றான்.

அவள் நின்று பார்த்தாள்.

“தயானந்தன். உன்ற வீட்டுக்காரன். பெருந்துறை ரோட்டு வீடு. நீ வெச்ச சீத்தா மரம் காய்ச்சிருக்குது, சுபா.”

“தயான்னு எனக்கு யாரையும் தெரியாதுங்களே” என்றாள் அவள். பொய்யில்லை, கோபமில்லை, வருத்தம்கூட இல்லை. “வெளிப்பேரு வேண்டாமுங்க. நாணல்னே இருக்கட்டும். அந்தப் பக்கம் புதர்ல ஓநாய் இருக்கும், பாத்துக்குங்க.”

போய்விட்டாள். உள்ளே பேசியதை மட்டும்தான் மெஷின் படித்து வைத்துக்கொள்ளும் என்று அந்த போன் பெண் சொன்னது அப்போதுதான் அவனுக்குள் முழுதாக இறங்கியது. சுபாஷிணி தான் எழுதிய விதியைத் தானே ஒரு நாளும் மீறவில்லை. பதினொரு வருஷத்தில் கணவன் என்று ஒரு வார்த்தை, வீடு என்று ஒரு வார்த்தை அங்கே சொல்லவில்லை. தயானந்தன் இல்லாத ஒரு சுபாஷிணியை அவளே பார்த்துப் பார்த்துக் கட்டி எழுப்பிவிட்டுப் போயிருந்தாள்.

அவள் மேல் கோபப்பட முடியவில்லை. கோபத்துக்கு வேறு ஆள் தேவைப்பட்டான். மாமலைக்கு எல்லாம் தெரியும், அவன் உயிரோடு எங்கோ உட்கார்ந்துகொண்டு இந்தப் பதுமையோடு கொஞ்சுகிறான் என்று நினைத்தான். அடுத்த நாள் மாமலை வாசலுக்கு வெளியே தனியாக வந்தபோது குறுக்கே போய் நின்றான்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்.”

“கேளுங்கோ.”

“அந்த வெண்கலம் எம்பட சம்சாரம். செத்துப் போயிட்டா. நீங்க பேசிச் சிரிக்கறது மெஷின்கூட. தெரியுமா தெரியாதா?”

மாமலை தாடியைத் தடவினான். “அப்பிடியோ?” என்றான். சிறிது யோசித்து, “சரி, இண்டைக்குக் கவனமா நில்லுங்கோ. வடக்காலை ஓநாய் வரும்” என்றான்.

“யோவ், நான் என்ன சொல்றேன், நீ என்ன சொல்ற?”

“கோவிக்கக் கூடாது, நாணல். வாசல்காரன் கோவிச்சா வாசல் போச்சு.”

“எம்பட பொண்டாட்டி செத்துட்டாங்கறேன். வாசலாமா வாசல்!” தயானந்தன் ஈட்டியை ஓங்கிவிட்டான். சொந்தப் படை ஆளைக் குத்தினால் இரண்டு எச்சரிக்கை சேர்த்து வரும், ஏற்கெனவே வாங்கியதோடு மூன்று, வெளியேற்றம் நிச்சயம். அவளுடைய குரலைக்கூட இனிக் கேட்க முடியாது. அது தெரிந்தும் கை இறங்கவில்லை.

“குத்தாதேங்கோ” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அலரி. முதல்முறையாகப் பேசினாள். “குத்தினாலும் அவருக்கு நோகாது. அவருக்கு நீங்கள் சொல்லுறது ஒண்டும் விளங்காது. அவர் செத்து மூண்டு வருசம்.”

மாமலை இருவரையும் பார்த்துத் தலையசைத்துவிட்டு மதிலேறப் போனான்.

“நீங்க யாருங்க?” என்றான் தயானந்தன்.

“நான் அவற்றை மனிசி. வதனி. நோர்வேயிலை, பேர்கனிலை இருக்கிறன். அவர் பேர் சிறீஸ்கந்தராஜா. சிறி.” மூச்சை இழுத்துவிட்டாள். “அந்தப் பொம்பிளை ஆரெண்டு கிட்ட நிண்டு பாக்கத்தான் சேர்ந்தனான். டேய் எண்டு கூப்பிட இவர் பல்லைக் காட்டிறதும்! வீட்டிலை நான் ஒரு பகிடி விட்டா பேப்பருக்குள்ளை தலையை விட்டிடுவார். இஞ்ச பாத்தா பல்லிப் பகிடி, பூச்சிப் பகிடி. அவவைக் கண்டுபிடிச்சு நாலு வார்த்தை கேக்கோணும் எண்டு இருந்தனான். இப்ப நீங்கள் சொல்லுறியள், அவவும் இல்லையாம்.”

“இல்லீங்க.”

“எப்ப?”

“ரெண்டு மாசத்துக்கு மேலாச்சுங்க.”

வதனி அகழியின் கரையில் உட்கார்ந்துவிட்டாள். “அப்ப அண்டைக்கு அழுத ஆள் போயிட்டா” என்றாள்.

“என்னைக்கு அழுதா?”

சொல்லலாமா என்று தயங்கினாள். பிறகு சொன்னாள். சிறி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மடியில் கணினியை வைத்துக்கொண்டு ஒருநாள் உள்ளே வந்தான். வதனி பக்கத்தில் இருந்தாள். வெண்கலத்தை இதே வாசலுக்கு வெளியே கூப்பிட்டு, என்ர காலம் முடியுது என்று சொன்னான்.

“உங்கட மனிசி கேட்டா, ‘நீ போயிட்டா நான் எவன்கிட்டடா சண்டை போடுவேன்’ எண்டு. குரல் உடைஞ்சு போச்சு. நான் பக்கத்திலை இருக்கிறன், எனக்கு அழுகை வரேல்லை, அவ அழுறா. எனக்கு எப்பிடி இருந்திருக்கும், சொல்லுங்கோ பாப்பம்.”

தயானந்தன் ஈட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டான்.

“அவர் செத்த கிழமை வெளியாலை நிண்டு பாத்தனான். ஒரு பெடியன் இவரைக் கேட்டான், அண்ணை நீங்களோ தொடர்ச்சியோ எண்டு. உங்கட மனிசி அவன்மேலை பாய்ஞ்சா. இனிமேல் யாரும் யாரையும் அப்பிடிக் கேக்கக் கூடாது எண்டா. அடுத்த நாள் அந்த நாலாவது விதி வந்திட்டுது. முதல் இருக்கேல்லை அது.”

மூன்று வருஷத்துக்கு முன்னால். தயானந்தன் மனம் வீட்டுக்குள் ஓடிப்போய்த் தேடியது. கிடைத்துவிட்டது. ஒரு வாரம் அவள் கண் சிவந்து திரிந்தாள். கண்வலி என்றாள். அவன் மருந்துக்கடைக்குப் போய்ச் சொட்டு மருந்து வாங்கி வந்தான். அவள் மறுக்காமல் இரண்டு வேளையும் அண்ணாந்து விட்டுக்கொண்டாள். அவன்தான் இமையைப் பிடித்துக்கொண்டான்.

ஒரே வீட்டில், அவன் கைக்கெட்டும் தூரத்தில், அவள் ஒரு சாவுக்கு அழுது முடித்திருக்கிறாள். இத்தனை நாள் அந்தத் தாடிக்காரனின் சிரிப்பைப் பார்த்து வயிறெரிந்தான். இப்போது அந்தக் கண்ணீரைப் பார்த்து எரிந்தது. சிரிப்பைப் பங்கு கேட்கலாம், அதை எப்படிக் கேட்பது? அதைவிட மோசமான ஒன்றும் மனதில் எழுந்தது. அவளுக்கு முன்னால் நான் போயிருந்தால் எனக்கு அப்படி அழுதிருப்பாளா? கேட்க ஆளில்லை. மேலே நிற்கிறவளுக்கு அவனைத் தெரியாது.

“நான் இண்டைக்கு அவரை நிப்பாட்டத்தான் வந்தனான்” என்றாள் வதனி. “மூண்டு வருசமா நாளைக்கு நாளைக்கு எண்டு இழுத்திட்டன். இனி ஏலாது. பட்டனை அமத்தினாச் சரி.”

ஒரு மாதமாகத் தயானந்தன் வேண்டிக்கொண்டிருந்தது இதைத்தான். மாமலை போக வேண்டும். மதிலில் அவள் பக்கத்து இடம் காலியாக வேண்டும். அமத்துங்க என்று சொல்ல வாயெடுத்தான். அந்த நேரம் பார்த்து மேலிருந்து சிரிப்பு இறங்கி வந்தது. வயிற்றிலிருந்து கிளம்பி, நடுவில் மூச்சு வாங்கி, மறுபடி கிளம்பியது.

“வேண்டாமுங்க” என்றான்.

“ஏன்? உங்களுக்கு என்ன நட்டம்?”

“அவர் இல்லாட்டி அவ அப்படிச் சிரிக்கமாட்டா.”

“உங்களோடை சிரிக்கட்டும்.”

“எங்கூட அந்தச் சிரிப்பு வராதுங்க. முயற்சி பண்ணிப் பாத்துட்டேன். பல்லு தெரியற வரைக்கும்தான் வருது.”

வதனி எழுந்து நின்றாள். “அப்ப உங்கட மனிசி சிரிக்கிறதுக்கு என்ர மனிசன் வேலைக்கு நிக்கோணும்? அதை நீங்கள் கீழை நிண்டு கேட்டுக்கொண்டு நிப்பியள்?”

“ஆமாங்க.”

“வெக்கமாயில்லையோ?”

“இருக்குதுங்க.”

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, பொத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்த வேகத்தில் கால் வழுக்கி அகழியில் விழுந்தாள். இந்த முறை அவன் நீட்டிய கையைப் பிடித்து ஏறினாள்.

“நல்ல நியாயம் உங்கட நியாயம்” என்றாள். “அப்ப நீங்களும் அவவை நிப்பாட்டக் கூடாது. கேட்டியளோ? அந்தாள் மதிலிலை தனிய நிக்கிறதைப் பாக்க எனக்கு ஏலாது. அவவிலை எனக்கு எரிச்சல்தான். இண்டைக்கும் எரிச்சல்தான். எண்டாலும் கூடாது.”

“நிறுத்தமாட்டேனுங்க.”

“சரி. நாளைக்குப் பாப்பம்.”

மறுநாள் வந்தாள். அதற்கு மறுநாளும். ஈரோட்டில் சாயங்காலம் என்றால் பேர்கனில் மதியச் சாப்பாட்டு இடைவேளை. தயானந்தன் நீதிமன்றத்திலிருந்து வந்து காபி போட்டு எடுத்துக்கொண்டு உட்காருவான். இருவரும் வாசலில் நின்று பேசினார்கள். சிறி குறட்டை விட்டால் பக்கத்து வீட்டு நோர்வேக்காரன் சுவரைத் தட்டுவானாம். சுபாஷிணி குழாய் ஒழுகும் சத்தத்தை வைத்தே எந்த வாஷர் போயிற்று என்று சொல்வாள். வதனி கேட்பாள், “அவ வடிவோ?” தயானந்தன் போட்டோ அனுப்பினான். வதனி நெடுநேரம் பார்த்துவிட்டு, “ம்ம், பரவாயில்லை” என்றாள். அவள் அனுப்பிய போட்டோவில் சிறிக்குத் தாடி இல்லை, தலையிலும் அதிகம் இல்லை. அதில் தயானந்தனுக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்ததை அவன் வதனியிடம் சொல்லவில்லை. ஒருநாள், அந்த ஆஸ்பத்திரி நாளிலும் பிறகும் தான் அழுததே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவள், ஓநாய் வந்ததைக் கவனிக்காமல் நின்று அழுதாள். அவன் இரண்டு பேருக்குமான சண்டையைத் தனியாகப் போட்டான்.

சில வாரங்களில் வெண்கலம் மதிலிலிருந்து இறங்கி வந்தாள். மாமலையும் கூட வந்தான்.

“நாணல், அலரி, ரெண்டு பேரும் நல்லா நின்னீங்க. புகுநர் காலம் முடிஞ்சுதுங்க. நாளையில இருந்து நீங்க முழு உறுப்பினர். கூடத்துக்குள்ள வந்துரலாம், மதில் மேல எங்ககூட நிக்கலாம்.”

“நான் பரிந்துரைச்ச ஆக்கள், தெரியும்தானே” என்றான் மாமலை.

“ஆமான்டா, உலகத்துல உனக்கு மட்டும்தான் கண்ணு இருக்குது.”

தயானந்தன் வதனியைப் பார்த்தான். மதில் மேலே போகலாம். அவர்கள் பேசுவதெல்லாம் கேட்கும். அவள் தோளுக்கு அருகில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்கலாம். மனுப் போட்ட அன்று அவன் கேட்டது அதைத்தான். ஆனால் மதிலும் கூடத்தைச் சேர்ந்தது. மேலே ஏறிவிட்டால் சிறி என்ற பெயரை வதனி சொல்ல முடியாது. சுபா என்ற பெயரை அவன் சொல்ல முடியாது. நாலு பேர் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள், அதில் இரண்டு பேருக்கு வாய் கட்டியிருக்கும்.

வதனி அவனைப் பார்க்காமல் மாமலையைப் பார்த்தாள். தாடியை, ஈட்டியை, முழுதாக. “எனக்கு இன்னும் பழகேல்லை” என்றாள். “பாத்தியள்தானே, எத்தினை தரம் அகழிக்குள்ளை விழுந்தனான்.”

வெண்கலம் தயானந்தன் பக்கம் திரும்பினாள். “உங்களுக்கு என்னங்க?”

அவள் கண் அவன்மேல் இருந்தது. அந்தப் பார்வை வீட்டில் முன்னொரு காலத்தில் அவன் அறிந்த பார்வைதான், முழுசாக, அவசரமில்லாமல். அதிலேயே கொஞ்ச நேரம் நின்றான்.

“வாசல்ல ரெண்டு பேர் வேணுமில்லீங்க. நானும் இங்கயே நிக்கறேன்.”

“பதவி வேண்டாம்னு சொன்ன ஆளுகள நான் இதுவரைக்கும் பாத்ததில்ல” என்றாள். “உங்க இஷ்டமுங்க. எப்ப வேணும்னாலும் கேளுங்க, ஏத்திக்கறேன்.”

இருவரும் படியேறிப் போனார்கள். பாதிப் படியில் மாமலை அவள் காதருகே குனிந்து ஏதோ சொன்னான். அவள் படியிலேயே நின்று கேடயத்தைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

“என்னவாம்?” என்றாள் வதனி.

“தெரியலைங்க” என்றான் தயானந்தன்.

அதற்குப் பிறகு வடவாசலில் புதிதாக யாரையும் காவலுக்குப் போடவில்லை. அவனும் அவளும்தான் நிற்கிறார்கள். படையின் பலகையில் இருவர் பெயருக்கு எதிரிலும் இன்றும் புகுநர் என்றே இருக்கிறது.